இடப்பக்கம் மட்டும் திரும்பும் சைக்கிள்

ஜூன் 9, திங்கள்

பிற்காலத்தில் இந்த நாட்குறிப்பு நூலாக வரும் என்பதால் முதல் பக்கத்திலேயே என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். பெயர் அருணகிரி. வயது நாற்பத்தெட்டு. ஊர் கோவில்பட்டி. தொழில் தன்னம்பிக்கைப் பேச்சு. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரி, சங்கம் என்று மேடை ஏறி வருகிறேன். 'எழுச்சிச் சுடர்' என்ற பட்டம் உண்டு. அதை யார் கொடுத்தார்கள் என்பது இப்போது முக்கியமில்லை.

ஜனவரி முதல் ஓய்வில் இருக்கிறேன். நானாக எடுத்துக்கொண்ட ஓய்வு. போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. செண்பகத்தைப் பக்கத்து அறையிலிருந்து அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். செண்பகம் என் மனைவி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். "ஏதாவது வேலைக்குப் போங்களேன், வீட்டுல இருந்தா ஃபிரிட்ஜுக்கே தன்னம்பிக்கை சொல்லிக் குடுக்கிறீங்க" என்று சொல்லி, ஓர் அறக்கட்டளைக்கு என்னை அனுப்பிவைத்ததும் அவள்தான்.

வேலை இதுதான். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேப்பங்குளத்தில் பதினோரு பெரியவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத விரும்புகிறார்கள். தேர்வு ஆகஸ்டில். மாலை ஐந்தரை முதல் ஏழு வரை நான் பாடம் நடத்த வேண்டும். இன்று பயிற்சி கொடுத்த ஒருங்கிணைப்பாளர் பெஞ்சமின், "பெரியவங்களுக்குக் கரும்பலகையிலிருந்து ஆரம்பிக்காதீங்க, வாழ்க்கை அனுபவத்திலிருந்து ஆரம்பிங்க" என்று மூன்று முறை சொன்னார். யாருடைய வாழ்க்கை என்பதையும் சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் வடை வந்தது.

வாழ்க்கை அனுபவமா? என்னிடம் அதற்கா பஞ்சம்.

ஜூன் 11, புதன்

முதல் வகுப்பு. சமுதாய நலக்கூடம். பதினோரு பேரும் வந்திருந்தார்கள். நேரடியாக என் புகழ்பெற்ற அனுபவத்தில் இறங்கினேன். பன்னிரண்டு வயதில் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, சைக்கிளில் நூற்றிருபது பேப்பரைக் கட்டிக்கொண்டு, ஒன்பது கிலோமீட்டர் சுற்றி வீடு வீடாகப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போன அனுபவம். மழையில் சைக்கிள் செயின் கழன்று விழும் இடத்தில் குரலைத் தாழ்த்துவேன். வழக்கமாக அந்த இடத்தில் முன்வரிசையில் ஒருவராவது கண்ணைத் துடைப்பார்.

இங்கே மாசிலாமணி கையைத் தூக்கினார். டீக்கடைக்காரர். பதினோரு வருஷம் பேப்பர் ஏஜென்டாகவும் இருந்தாராம். "நாலு மணிக்கு எப்படி சார்? அந்தக் காலத்துல நம்ம பக்கம் கட்டு வந்து இறங்கவே அஞ்சேகால் ஆயிருமே?" என்றார். எங்களுக்கு மட்டும் சீக்கிரம் வரும் என்றேன். உடனே கொத்தனார் ஆவுடையப்பன் அண்ணாச்சி, அத்தனை பேப்பரைக் கேரியரில் வைத்தால் முன்சக்கரம் தூக்குமே, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

தன்னம்பிக்கை என்று பதில் சொன்னேன். இரண்டு பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கேள்வி கேட்கும் வகுப்பு நல்ல வகுப்பு.

ஜூன் 16, திங்கள்

கணக்கு. ஒரு சுவரை ராமு பன்னிரண்டு நாளில் கட்டுவான். அதே சுவரைச் சோமு ஆறு நாளில் கட்டுவான். இருவரும் சேர்ந்து கட்டினால் எத்தனை நாள்? விடை நாலு.

ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு நாள் சுவருக்குப் பன்னிரண்டு நாள் எடுக்கிறவன் கொத்தனாரே இல்லை, அவனை எந்த மேஸ்திரி வேலைக்கு வைத்தது என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். அப்படியே வைத்தாலும் இரண்டு பேரை ஒரே சுவரில் உட்கார வைத்தால், சுவரின் நேர் பார்க்கத் தூக்குக்குண்டு யார் பிடிப்பது என்பதிலேயே முதல் நாள் போய்விடும். இரண்டாம் நாள் ஒருவன் கட்டியதை மற்றவன் இடிப்பான். அவர் கணக்குப்படி விடை பதினைந்து நாள். வகுப்பில் பத்துப் பேர் பதினைந்து என்றே எழுதினார்கள். நான் கத்தினேன். அந்த நேரம் பார்த்து பெஞ்சமின் உள்ளே வந்தார்.

பார்வைப் பதிவேட்டில் 'நல்ல விவாதம்' என்று எழுதினார். போகும்போது என்னைத் தனியே அழைத்து, "சார், நான் சொன்னது அவங்க வாழ்க்கை அனுபவம். உங்களோடது இல்ல" என்றார்.

இளைஞர். இன்னும் பக்குவம் போதாது.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு சோதனைக்காக பெஞ்சமின் சொன்னபடியே செய்து பார்த்தேன். விகிதம் பாடம். சொர்ணத்தாயம்மா எப்போதும் கடைசி வரிசையில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பார். நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் பதினாலு வருஷமாகச் சமையல் உதவியாளர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார்.

அவரிடம், இன்று நூற்று முப்பத்தேழு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், எவ்வளவு அரிசி போடுவீர்கள் என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் "பதிமூணு கிலோ எழுநூறு" என்றார். பருப்பு? அதையும் சொன்னார். நான் கரும்பலகையில் போட்டுப் பார்க்க மூன்று நிமிடம் ஆனது. சரியாக இருந்தது. அம்மா, இதற்குப் பெயர்தான் விகிதம் என்றேன்.

"இதுவா?" என்றார். "இதுக்குப் பயந்தா சார் நான் இத்தனை வருஷம் இருந்தேன்?"

முதல் முறையாகத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துச் சிரித்தார். வகுப்பு முடிந்ததும் ஏன் படிக்க வந்தார் என்பதையும் சொன்னார். அவர் வேலை பார்க்கும் கூடத்தின் சமையலர் நவம்பரில் ஓய்வு பெறுகிறார். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் அந்த இடத்துக்கு இவர் கேட்கலாம். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். "நேத்து வந்தவ கரண்டியப் பிடிப்பா, நான் அவளுக்கு வெங்காயம் உரிக்கணும்" என்றார்.

இந்தக் கற்பித்தல் முறையை நானாகவே கண்டுபிடித்ததாக நூலில் போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 30, திங்கள்

வேப்பங்குளம் போகும் மினி பஸ் வரவில்லை. செண்பகம் ஸ்கூட்டரில் விடலாம்தான், ஆனால் அவள் அலுவலகம் முடிந்து வரவே ஆறு மணி ஆகும். வகுப்பு இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

மினி பஸ்ஸுக்கு இன்ஜின் கோளாறாம். ஒரு மாதம் ஆகுமாம். மாசிலாமணி போனில், "நாங்க ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கோம் சார். நாளைக்கு ஒரு நாள் மட்டும் எப்படியாச்சும் வந்துருங்க" என்றார்.

நல்ல மனிதர்கள். ஆட்டோ பேசியிருப்பார்கள்.

ஜூலை 2, புதன்

ஆட்டோ இல்லை.

சொர்ணத்தாயம்மாவின் மகள் பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய பள்ளிக்கூட இலவச சைக்கிள், அவள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் சும்மா நின்றதாம். அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஹேண்டில்பாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, நலக்கூடத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் கூட இருந்தது. "ஒம்பது கிலோமீட்டர் மழையில ஓட்டுன ஆளுக்கு நாலு கிலோமீட்டர் என்ன சார்" என்று மாசிலாமணி சாவியை நீட்டினார். பதினோரு பேரும் கைதட்டினார்கள். பழத்தை நசுக்கிக்கொண்டு நான் கிளம்புவதைப் பார்க்க வரிசையாக நின்றார்கள்.

நான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். தோள்பட்டையில் பழைய வலி ஒன்று இருக்கிறது. அது அந்த நேரத்தில் வந்துவிட்டது. புதிதாகக் கைக்கு வந்த வண்டியை முதல் நாள் ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போவது எங்கள் குடும்ப வழக்கம் என்றும் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைத் தள்ளியே நசுக்கினேன். தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கூடையில் மல்லிகை மணம் நன்றாக இருந்தது.

பதிப்பாளர் கவனத்துக்கு: இந்தப் பக்கம் வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு வாரமாக சைக்கிளுடன் போய் சைக்கிளுடன் வருகிறேன். நடைப்பயிற்சி சர்க்கரைக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எதிர்க்காற்று வேறு. ஊர் எல்லைக்கு முன்னால் உள்ள பாலத்தில் வியர்வையைத் துடைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, அப்போதுதான் இறங்கியவனைப் போல நலக்கூடத்துக்குள் நுழைவேன்.

செண்பகம் இன்று வாசலில் நின்று பார்த்தாள். "சைக்கிள் உங்களைக் கூட்டிட்டுப் போகுதா, நீங்க சைக்கிளைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

அவள் கிண்டலுக்குப் பதில் எழுதி இந்த நூலின் தரத்தைக் குறைக்க விரும்பவில்லை.

ஜூலை 14, திங்கள்

மாதிரித் தேர்வு. ஒரு பெரிய பிரச்சினை தெரியவந்தது. பதினோரு பேரில் பத்துப் பேருக்கும் ஒரே விடை, ஒரே தவறு. தாளைப் பக்கத்து ஆளுக்குக் காட்டாமல் மறைப்பது இவர்களுக்கு வரவில்லை. ஆவுடையப்பன் அண்ணாச்சியைக் கேட்டால், "ஒருத்தன் கேட்டு நிக்கும்போது இல்லன்னு சொல்லி அனுப்பவா முடியும் சார்?" என்கிறார். தேர்வு அறையில் அப்படிக் காட்டினால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றேன். என்ன ஊர் சார் அது என்று வருத்தப்பட்டார்.

பதினோராவது தாள் சொர்ணத்தாயம்மாவுடையது. வெறும் தாள். பெயர் மட்டும் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

சொர்ணத்தாயம்மா மூன்று நாளாக வரவில்லை.

ஜூலை 19, சனி

அவர் வீட்டுக்குப் போனேன். சைக்கிளுடன்தான். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். இனி வரவில்லை என்றார்.

நடந்தது இதுதான். வேலை முடிந்த நேரத்தில் சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். தட்டு கழுவ வந்த பிள்ளைகள் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "அக்கா, அது அப்படி இல்ல" என்று திருத்தியிருக்கிறது. அதிலிருந்து அவருக்கு எழுத்தைப் பார்த்தாலே பேனா ஓட மாட்டேன் என்கிறதாம். மாதிரித் தேர்விலும் அதுதான் நடந்திருக்கிறது. "பதினாலு வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கேன். அதுங்க முன்னால என்னத்துக்கு இந்த அசிங்கம்? வெங்காயமே உரிச்சுக்கிடுதேன்."

நான் விடவில்லை. பேப்பர் போட்ட அனுபவத்தை மறுபடியும் சொன்னேன். இந்த முறை மழையைக் கொஞ்சம் கூட்டினேன். இடியும் சேர்த்தேன். அவர் கீரை உருவுவதை நிறுத்தாமலே கேட்டார். பிறகு முறத்தைக் கீழே வைத்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுல்ல?"

நானும் ஒரு கீரைக் கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"மொத நாளே தெரியும் சார். ஓட்டத் தெரிஞ்சவங்க ஹேண்டில்பார ஓரமா ஒரு கையால பிடிச்சுத் தள்ளுவாங்க. நீங்க மஞ்சுவிரட்டு மாட்டப் பிடிச்ச மாதிரி பிடிச்சீங்க. ஊருக்கே தெரியும். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு யாரும் சொல்லல. நீங்க வெக்கப்பட்டு சைக்கிளத் தள்ளுதீங்க, நான் வெக்கப்பட்டு வீட்டுல இருக்கேன். அவ்வளவுதான வித்தியாசம்?"

நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். பாலம் வரை தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான், கையில் சைக்கிள் இருப்பதே நினைவுக்கு வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

என் அப்பாவுக்கு ஜவுளிக்கடை இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கடை ஆள் ஒருவர் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டார். பத்தாம் வகுப்பு வரைக்கும். எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வரும். பேப்பருக்கும் எனக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். பதினேழு வயதில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து விழுந்தேன். தெருவில் சிரித்தார்கள். பிறகு தொடவில்லை.

முதல் மேடையில் என்ன அனுபவத்தைச் சொல்வது என்று தெரியாமல் அந்தக் கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, சில நாள் அந்த மழையில் நான் நனைந்தது எனக்கே நினைவிருக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சொர்ணத்தாயம்மா வேலைக்குத் தகுதி பெறுவதும் பெறாததும் இப்போது என் கையில் இருக்கிறது, அவருக்குச் சொல்ல என்னிடம் உண்மையாக ஒன்றுமே இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

செண்பகத்திடம் சொன்னேன். கலங்கிப்போவாள் என்று நினைத்தேன். "எனக்கு இருபத்தோரு வருஷமாத் தெரியும். கல்யாணமாகி மறுவீடு போனப்ப எங்க அண்ணன் சைக்கிள நகத்தி வைக்கச் சொன்னாரே, அப்பவே தெரியும்" என்றாள்.

நாளை மறுபடியும் வேப்பங்குளம் போய், எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

முதல் பாடம். நான் மாணவன். காலை ஆறரை மணி, நலக்கூடத்து வாசல். யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொர்ணத்தாயம்மா சொன்னார். ஆவுடையப்பன் அண்ணாச்சி, மாசிலாமணி, மாசிலாமணியின் மனைவி, வகுப்பில் மீதிப் பேர், எட்டுக் குழந்தைகள், ஓர் ஆட்டுக்குட்டி இருந்தார்கள். மாசிலாமணி ஃபிளாஸ்க்கில் டீயும் கொண்டுவந்திருந்தார்.

சொர்ணத்தாயம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டார். நான் பெடலைப் பார்த்தேன், விழுந்தேன். சக்கரத்தைப் பார்த்தேன், விழுந்தேன். நாலாவது முறை நலக்கூடத்துச் சாக்கடையில் சைக்கிளோடு போய் உட்கார்ந்தேன். சாக்கடையை இருபது வருஷத்துக்கு முன்னால் கட்டியது தான்தான் என்றும், அப்போதே அகலம் கூடுதல் என்று பஞ்சாயத்தில் சொன்னதாகவும் ஆவுடையப்பன் அண்ணாச்சி மேலே நின்று விளக்கினார்.

நான் எழுந்து வந்ததும் சொர்ணத்தாயம்மா கேட்டார்: "சார், மேடையில பேசும்போது தரையப் பாத்தா பேசுவீங்க?"

இல்லை, கடைசி வரிசையைப் பார்த்துப் பேசுவேன் என்றேன்.

"அப்ப இங்கயும் கடைசி வரிசையப் பாருங்க. அந்தா, அந்தப் புளியமரம்தான் கடைசி வரிசை."

புளியமரத்தைப் பார்த்தேன். பதினைந்து அடி ஓட்டினேன். அவர் எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தார்.

பெஞ்சமின் மூன்று முறை சொன்னது எனக்கு இன்றுதான் விளங்கியது. சொர்ணத்தாயம்மா என்னிடம் இருந்த ஒன்றை எடுத்து என்னிடம் இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஒரு பயிற்சிக்கும் போகாதவர்.

ஆனாலும் வகுப்புக்கு வரமாட்டேன் என்கிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நலக்கூடத்துப் படியில் கால் வைத்து ஏறினால்தான் என்னால் கிளம்ப முடிகிறது. தரையிலிருந்து ஏற வரவில்லை. இடப்பக்கம் திரும்புகிறேன். வலப்பக்கம் திரும்பினால் கீழே விழுகிறேன். காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஆவுடையப்பன் அண்ணாச்சி தூக்குக்குண்டு வைத்து சைக்கிளைச் சோதித்தார். சைக்கிள் நேராக இருக்கிறதாம், நான்தான் சாய்வாம்.

டீ குடிக்கும்போது, நீங்கள் எப்போது ஓட்டப் பழகினீர்கள் என்று சொர்ணத்தாயம்மாவைக் கேட்டேன். முப்பத்தொன்பது வயதிலாம். மகளுக்கு சைக்கிள் கொடுத்த வருஷம், வேலை முடிந்த பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் தானாகவே சுற்றிப் பழகினாராம். பிள்ளைகள் சிரிக்கவில்லையா என்றேன்.

"சிரிக்காம? பள்ளிக்கூடமே சிரிச்சுது. நான் பாட்டுக்கு ஓட்டுனேன். வாய் வலிச்சதும் அதுகளே நிறுத்திட்டுப் போயிருச்சு."

இருபத்திரண்டு ஆண்டு மேடை அனுபவத்தில் எனக்கு இப்படி ஒரு வரி கிடைத்ததில்லை. டீயைக் கீழே வைத்தேன். "அதே பள்ளிக்கூடம், அதே பிள்ளைகள்தானே அம்மா. சைக்கிளுக்கு வாய் வலிக்கிற வரைக்கும் சிரிக்க விட்டீங்க. படிப்புக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு சிரிப்போட எழுந்து வந்துட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்தார். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வினாத்தாளைப் பார்த்ததும் பேனா நின்றுவிடுவதற்கு என்ன செய்வது என்று யோசித்து, சமையலில் இருந்து தொடங்கினேன். காலையில் அடுப்பு பற்ற வைத்ததும் முதலில் எதை வைப்பீர்கள்? எது வேக நேரமாகுமோ அதை என்றார். பருப்பு வேகும்போது சும்மா பார்த்துக்கொண்டு நிற்பீர்களா? காய் வெட்டுவேன் என்றார். வினாத்தாளும் அப்படித்தான், ஒரு கேள்வி வேகாவிட்டால் அதன் முன்னால் நிற்காதீர்கள், அடுத்ததை வெட்டுங்கள் என்றேன். இன்று ஒன்றரை மணி நேரத்தில் பத்துக் கேள்விக்கு எட்டை எழுதிக்கொடுத்தார். ஒன்றில் மட்டும் விடைக்குப் பதில் 'இன்னும் வேகவில்லை' என்று எழுதியிருந்தார்.

ஆவுடையப்பன் அண்ணாச்சியிடமும் சுவர்க் கணக்கில் சமாதானம் ஆகிவிட்டது. ராமுவும் சோமுவும் அண்ணன் தம்பி, சண்டை போட மாட்டார்கள், சித்தாள் தினமும் வந்தாள் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியென்றால் நாலு நாள் சரி என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் தேர்வு, தமிழ். நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம். எல்லோரும் வேனில் வருகிறார்கள். சொர்ணத்தாயம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பயமாத்தான் சார் இருக்கு. நீங்க அன்னைக்கு ஸ்கூட்டர்ல வராதீங்க. சைக்கிள்ல வாங்க. நீங்க அந்த ரோட்டுல பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல வந்துட்டீங்கன்னா, நானும் உள்ள போயிருவேன்."

வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர். வழியில் ரயில்வே கேட். பேருந்து நிலையத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

முழங்கையில் கட்டு இருப்பதால் எழுத்து கோணலாக வரும்.

வலப்பக்கம் திரும்ப வராது என்பதால் நேற்றே வரைபடம் போட்டுவைத்திருந்தேன். பேருந்து நிலையத்தைத் தாண்டி நேராகப் போய், ஓர் இடப்பக்கத் திருப்பம், இன்னொன்று, மூன்றாவதும் இடப்பக்கமே. காய்கறிச் சந்தையைச் சுற்றிப் பள்ளிக்கூடச் சாலைக்கு வந்துவிடலாம். எட்டரைக்கே வீட்டுப் படியில் கால் வைத்து ஏறினேன். செண்பகம் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் இருபதடி பின்னால் வந்தாள். அலுவலகத்தில் என்ன காரணம் சொன்னாளோ தெரியவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினேன், அதாவது ஒரு பால்காரரின் வண்டியைப் பிடித்து நின்றேன். கேட் திறந்ததும் எல்லோரும் போனார்கள். நான் ஏறுவதற்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. மருந்துக்கடைப் படி வரும் வரை தள்ளினேன். மணி ஒன்பது பத்து. சந்தையில் இரண்டாவது திருப்பத்தில் ஒரு தக்காளி லாரி குறுக்கே நின்றது. அதனால் சந்தையை இன்னொரு தடவை சுற்ற வேண்டியதாயிற்று. கீரைக்காரம்மா, "அண்ணே, யாரத் தேடுதீங்க?" என்று கேட்டார். பதில் சொன்னால் விழுந்துவிடுவேன் என்பதால் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் யாரோ தூக்கிவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். அவர்களுக்கு வாய் வலிக்கும் வரை காத்திருக்க நேரமில்லை.

பள்ளி இருந்த சாலைக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். சொர்ணத்தாயம்மா மட்டும் நுழைவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். காவலாளி அவரை உள்ளே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொர்ணத்தாயம்மா கையைத் தூக்கினார். நான் கையைத் தூக்கவில்லை, தூக்கினால் விழுவேன். நிறுத்தவும் முடியவில்லை. கேட்டைத் தாண்டி அப்படியே போய்விட்டேன். "உள்ள போங்கம்மா" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

ஒரு மாவு மில் சுவரில் மோதி நின்ற பிறகு திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. சொர்ணத்தாயம்மா உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. செண்பகம் வந்து முழங்கையில் கைக்குட்டையைக் கட்டிவிட்டு, "நல்லா ஓட்டுனீங்க" என்றாள். கிண்டல் இல்லாமல் சொன்னாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

எட்டு மாதம் கழித்து ஒரு கல்லூரி மேடை. மைக் முன்னால் நின்று, 'பன்னிரண்டு வயதில்' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். 'நாற்பத்தெட்டு வயதில்' என்று மாற்றிக்கொண்டேன். சாக்கடை வரும் இடத்தில் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை. இறங்கியதும் ஒரு பேராசிரியர் என்னை ஓரமாக இழுத்து, தனக்கு ஐம்பது வயது, நீச்சல் தெரியாது, யாரிடம் கேட்கலாம் என்று ரகசியமாகக் கேட்டார்.

செப்டம்பர் 29, திங்கள்

முடிவு வந்துவிட்டது. பதினோரு பேரில் எட்டுப் பேர் தேர்ச்சி. ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு ஆங்கிலம் மட்டும் போய்விட்டது. அந்த மொழி அஸ்திவாரமே இல்லாமல் கட்டியது என்கிறார், மறுபடி எழுதுவார். சொர்ணத்தாயம்மா ஐந்து பாடத்திலும் தேர்ச்சி. கணக்கில் முப்பத்தெட்டு. தமிழில் அறுபத்தெட்டு. சமையலர் இடத்துக்கு இன்றே மனு எழுதிவிட்டார், அவர் கையாலேயே.

சர்க்கரைப் பொங்கல் வைத்து எல்லோருக்கும் கொடுத்தார். தமிழில் எப்படி அறுபத்தெட்டு என்று கேட்டேன். கட்டுரையால்தானாம். கற்பதற்கு வயது தடையில்லை என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குக என்று கேட்டிருந்தார்களாம். வேகிற கேள்விகளையெல்லாம் முதலில் இறக்கிவிட்டு இதைக் கடைசியில் வைத்தேன், மூன்று பக்கம் எழுதினேன் என்றார்.

எனக்கு மெல்ல ஒரு சந்தேகம் வந்தது. உங்கள் நிகழ்ச்சியையா எழுதினீர்கள் என்றேன்.

"என்னோடது என்ன சார் இருக்கு. உங்களோடதுதான். எலுமிச்சம்பழத்துல இருந்து ஆரம்பிச்சேன்."

"என் பேரையா போட்டீங்க?"

"விடைத்தாள்ல பேர் எழுதக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒரு வாத்தியார்னு போட்டேன்."

அதுவும் சரிதான். போகட்டும், கடைசியில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டதையும் எழுதினீர்கள்தானே என்று கேட்டேன்.

சொர்ணத்தாயம்மா பொங்கல் கரண்டியைக் கீழே வைத்தார். தலைப்பு வாய்க்குப் போனது.

"அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க சார். சாக்கடை வரைக்கும்தான் வந்துச்சு."

ஆக, அரசாங்கத்தின் ஏதோ ஒரு விடைத்தாள் கட்டில், முகம் தெரியாத ஒருவரின் சிவப்பு மையோடு, நான் இன்னும் வேப்பங்குளத்துச் சாக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் கிடைத்த மதிப்பெண்ணில்தான் நவம்பரில் ஒருவர் கரண்டி பிடிக்கப் போகிறார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எந்தக் கதைக்கும் இவ்வளவு பலன் இருந்ததில்லை. பதிப்பாளர் கவனத்துக்கு: எந்தப் பக்கத்தையும் எடுக்க வேண்டாம்.

நாளையிலிருந்து வலப்பக்கம் திரும்பப் பழக வேண்டும். ஆறரைக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.